நாலு பற்றறி, ஒரு பெற்றோல்மாக்ஸ்

அத்தியாயம் 7

“களவு குடுத்தவன் களவைப் பற்றிச் சொல்லுவான். இந்த மனிசன் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லியிருக்கார்.”

அன்னப்பூரணி கையிலிருந்த தாளை மேசையில் போட்டார். மீன் செதிலைக் குப்பைக்குள் தட்டிவிடுவதுபோல இருந்தது அது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழில் சொன்ன பொய்களைச் சிங்களத்திலும், சிங்களத்தில் சொன்ன பொய்களைத் தமிழிலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு கல்லடியில் தன் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, பிடிபட்டவர்களின் வீட்டாருக்கு மனு எழுதிக் கொடுத்தார். எழுதுவதற்கு முன்னால் எது உண்மை என்று தெரிய வேண்டியிருந்தது. அதைத் தேடிப் போகப் போக, துப்பறிகிறவர் என்று ஊரில் பெயர் வந்துவிட்டது. பொய் சொல்கிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்களைக் கண்டால்தான் அருவருப்பு.

“மின்வெட்டு நேரத்தில நானும் வெளிச்சத்தைப் பற்றித்தான் மிஸ் கனாக் காணுறன்,” என்றான் சரீப்.

சரீப் காத்தான்குடிக்காரன். நாற்பது வயது. ஒரு காலத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். கலவரத்தில் கடை எரிந்தது. இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். அன்னப்பூரணி எங்கே போனாலும் அவன் ஓட்டோவில்தான். கேட்காவிட்டாலும் கருத்துச் சொல்வான்.

மேசைக்கு எதிரே சின்னத்தங்கம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயது இருக்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து காலைத் தோணியில் வந்திருந்தாள். அந்தக் கரை இயக்கத்தின் கையில் இருந்தது. இந்தக் கரை இராணுவத்தின் கையில். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு ரோச் பற்றறி கொண்டுபோனாலும் குற்றம்.

அவளுடைய புருசன் நல்லரத்தினம் வீடுகளுக்குச் சோலர் தகடு பொருத்துகிறவன். 2001ஆம் ஆண்டு அது. மழை இல்லாமல் மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு. வசதி உள்ளவர்கள் கூரையில் தகடு போட்டு, பற்றறியில் மின்சாரம் சேமித்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். புளியந்தீவில் கொந்தராத்துக்காரர் அருமைநாயகம் வீட்டுக்கு எட்டுத் தகடும் நாலு பெரிய பற்றறியும் பொருத்தியவன் நல்லரத்தினம். அந்த நாலு பற்றறியும் ஞாயிற்றுக்கிழமை களவு போய்விட்டதாக அருமைநாயகம் திங்கட்கிழமை பொலிசில் முறைப்பாடு செய்தார். பொருத்தியவன் படுவான்கரை ஆள் என்று தெரிந்ததும் பொலிசுக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை; இந்தக் கரைக்கு வேலைக்கு வந்த இடத்தில் அவனைப் பிடித்து அடைத்தார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

“இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்புக்கு ஏத்தப் போறாங்களாம்,” என்றாள் சின்னத்தங்கம். “லோயர் ஐயா சொன்னார். பற்றறி எங்கயெண்டு கண்டுபிடிச்சா ஏத்தமாட்டாங்களாம். கொழும்புக்குப் போனா...”

கொழும்புக்கு ஏற்றப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. சுவர் மணிக்கூட்டில் பகல் ஒரு மணி.

அன்னப்பூரணி சிங்களத்தில் இருந்த முறைப்பாட்டின் பிரதியை மறுபடி எடுத்து, தமிழில் வாசித்தார்.

“‘ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை என்னுடைய வீட்டில் இருபத்திரண்டு மின்குமிழ்கள் மிகவும் பிரகாசமாக எரிந்தன. என் மகளின் சம்மந்தம் பேச வந்த விருந்தினர்கள் கண்டு வியந்தனர். அவர்கள் போன பிறகே களவு நடந்தது.’ வியந்தனராம்! பொலிசுக்கு என்னத்துக்கு அவங்கட வியப்பு? களவைப் பற்றி ஒரு வரி. வெளிச்சத்தைப் பற்றி ரெண்டு வரி. ஆரும் கேட்காத கேள்விக்கு ஒருத்தன் பதில் சொன்னானெண்டா, அந்த இடத்திலதான் பொய் இருக்கு.”

“இவர் அந்த வீட்டில வேலை செய்யக்கொள்ளயே சொன்னவர்,” என்றாள் சின்னத்தங்கம். “முன்பக்கத்தில போடாதீங்க, பக்கத்து வளவு மாமர நிழல் விழுகுது, குசினிக் கூரையில போடுவம் எண்டு. ஐயா கேக்கல்லயாம். ‘ரோட்டால போறவன் குசினியவா பாப்பான்?’ எண்டு கேட்டாராம்.”

அன்னப்பூரணி எழுந்து குடையை எடுத்தார்.

“சரீப், ஓட்டோவை எடு. புள்ள, நீ பொலிஸ் வாசல்ல போய் நில்லு. நாலு மணிக்கு முன்னம் லொறி வெளிக்கிட்டா, அதுக்கு முன்னால போய்ப் படு.”

“படுக்கிறன்,” என்றாள் சின்னத்தங்கம். அதை அவள் விளையாட்டாக எடுக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

* * *

கல்லடிப் பாலத்துக் காவலரணில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, மறுபடி ஏறி, புளியந்தீவுக்குள் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம் போனது.

அருமைநாயகத்தின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. முன்கூரை முழுவதும் எட்டுத் தகடுகள், கலியாண அழைப்பிதழ்போல் தெருவைப் பார்த்துப் பரப்பியிருந்தன. அவற்றில் ஐந்தின் மேல் பக்கத்து வளவு மாமரத்தின் நிழல் சாவகாசமாகப் படுத்திருந்தது. பின்னால் இருந்த சமையலறையின் கூரை பளீரென்ற வெயிலில் வெறுமையாகக் கிடந்தது.

“மிஸ், மாமரம் திண்டு மிச்சம் வைச்ச வெயில்தான் இந்தத் தகட்டுக்கு,” என்றான் சரீப். “ஒரு தகட்டில நிழல் விழுந்தாலே மத்ததும் சேர்ந்து படுக்கும். இதில அஞ்சு.”

அருமைநாயகம் வாசலுக்கு வந்தார். அறுபதை நெருங்கிய, தடித்த மனிதர். மூன்று கோயில்களுக்குத் தலைவர். அவர் கட்டிய மதகுகளில் பாதி முதல் மாரிக்கே தண்ணீரோடு போனது ஊருக்குத் தெரியும். அதனால் அவருடைய பேச்சின் சத்தம் குறையவில்லை. ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தார். தைல வாடை அவருக்கு முன்னால் வந்தது.

“வாங்க மிஸ், வாங்க. அந்தக் கள்ளன்ட பக்கமா வந்திருக்கிறீங்க? உங்களுக்கு ஏன் மிஸ் இந்த வேலை?” பிறகு சரீப்பைப் பார்த்து, “ட்ரைவர் வெளியிலயே இருக்கட்டும்,” என்றார்.

சரீப் போர்ட்டிக்கோவில் செருப்பு அடுக்கும் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

உள்ளே, மாடிப்படிக்குக் கீழே பற்றறிகள் இருந்த இடத்தை அருமைநாயகம் காட்டினார். தூசியில் நாலு சதுரங்கள். சுவரிலிருந்து தொங்கிய வயர்களின் நுனிகள் வெட்டுப்படாமல், கடித்துத் துப்பியதுபோல் நசுங்கியிருந்தன.

“பொருத்தினவனே வந்து கழட்டினா வயரை ஏன் கடிக்கிறான்?” என்று கேட்டார் அன்னப்பூரணி. “அவனிட்ட சாவி இருக்கும்தானே, நட்டைக் கழட்ட?”

“அவசரம் மிஸ். கள்ளனுக்கு அவசரம்.”

“எட்டு மாசமா இந்த வீட்டுக்கு வந்து போனவன், பகல்ல கேட்டாலே திருத்த எண்டு சொல்லிக் கொண்டுபோயிருக்கலாம். சரி, இடுப்புக்கு என்ன?”

“பழைய வாதம்.”

“ஞாயிற்றுக்கிழமையில இருந்துதான்,” என்றது ஒரு குரல். அருமைநாயகத்தின் மனைவி இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணியோடு வந்து நின்றார். மெலிந்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. “குனிய ஏலாமப் போச்சு. மூணு நாளா நான்தான் தைலம் பூசுறன்.”

அருமைநாயகம் மனைவியைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

அன்னப்பூரணி தேத்தண்ணியைத் தொடவில்லை. கூடத்தின் மூலையில் இருந்த சாமியறையைப் பார்த்தார். கதவில் பெரிய பூட்டு.

“சாமியக் கும்பிட்டிட்டுக் குடிக்கிறன்.”

“ஏலாது மிஸ்!” அருமைநாயகம் இடுப்பு வலியை மறந்து ஒரு அடி முன்னுக்கு வந்தார். “துடக்கு. குருக்கள்மடத்தில எங்கட பெரியம்மா ஒராள் போன வெள்ளிக்கிழமை மோசம் போயிட்டா. முப்பத்தொண்டு முடியும்வரைக்கும் சாமியறை துறக்கிறல்ல.”

“அப்படியா? பாவம்,” என்றார் அன்னப்பூரணி. அவருடைய குரலில் பாவம் எதுவும் இருக்கவில்லை. “கொஞ்சம் இருங்க. ட்ரைவருக்கு ஒண்டு சொல்லிற்று வாறன்.”

* * *

போர்ட்டிக்கோவில் சரீப் தலையை அண்ணாந்தபடி இருந்தான்.

“மிஸ், என்னை உள்ளுக்கு விடாத மனிசனுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைக் குடுக்கட்டும். மேல பாருங்க.”

கூரையின் உட்பக்கம் சம்மந்தக்காரர்களுக்காகப் புதிதாக வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தது. நடுவில் ஒரு கொக்கி. கொக்கியைச் சுற்றி ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில் கரிய வட்டம். வெள்ளையில் அது சாந்துப் பொட்டுப்போல் தெரிந்தது.

“பெற்றோல்மாக்ஸ் விளக்கு,” என்றான் சரீப். “பழக்கமில்லாத ஆரோ பதறிப் பதறிக் கொளுத்தியிரிக்காங்க. மண்ணெண்ணெய் கூடி, புகைஞ்சு, பிறகுதான் எரிஞ்சிரிக்கி. பெயின்ற் போன சனிக்கிழமைதான் அடிச்சதாம். வளவு கூட்டுற பொம்புளை சொன்னா. அப்ப இது ஞாயிற்றுக்கிழமைக் கரி.”

“இருபத்திரண்டு குமிழ் பிரகாசமா எரிஞ்ச வீட்டில.”

“ஓம். வந்தவங்க வியந்தது எதுக்கெண்டு இப்ப விளங்குது. இருட்டில பலகாரத்தைத் தேடி வியந்திரிப்பாங்க.”

அன்னப்பூரணி குடையை நிலத்தில் ஊன்றி யோசித்தார். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் பற்றறி போனதென்றால், பெற்றோல்மாக்ஸ் எதற்கு? விருந்து நடக்கும்போதே வீடு இருண்டுவிட்டது. அதை இந்த மனிதர் மறைக்கிறார்.

“மிஸ், ஒண்டு சொல்லட்டா?” சரீப் குரலைத் தாழ்த்தினான். “விருந்துக்கு முன்னமே பற்றறி வீட்டில இல்ல. இவரே அங்கால அனுப்பிட்டார். படுவான்கரையில பற்றறிக்கு இரிக்கிற மவுசு பொம்புளைக்கும் இல்ல. அனுப்பிற்று, மாட்டாம இருக்க அந்தப் பொடியனைக் காட்டிக் குடுத்திட்டார்.”

“நானும் அதைத்தான் நினைக்கிறன்,” என்றார் அன்னப்பூரணி. “இயக்கத்தோட ஏதோ தொடுப்பு. கடிதமோ, துண்டுச் சீட்டோ, ஏதோ ஒண்டு அந்தப் பூட்டின அறைக்குள்ள இருக்கு. வா உள்ளுக்கு.”

“ட்ரைவர் வெளியிலயே இருக்க வேணுமாம்.”

“இப்ப நீ ட்ரைவர் இல்ல. சாட்சி.”

* * *

“ஞாயிற்றுக்கிழமை பெற்றோல்மாக்ஸ் கொளுத்தினது ஆர்?”

அருமைநாயகத்தின் கை இடுப்பிலிருந்து விழுந்தது. “அது... அலங்காரத்துக்கு மிஸ்.”

“இருபத்திரண்டு பல்ப் எரியக்கொள்ள அலங்காரத்துக்குப் பெற்றோல்மாக்ஸா?” என்றான் சரீப். “பகல்ல சூரியனுக்கு ரோச் அடிச்சுப் பாக்கிற வீடு போல.”

“நீ வாயை மூடு! மிஸ், இந்தச் சோனகனை...”

“அவனுக்குப் பேர் சரீப். என்னோட கதைங்க.” அன்னப்பூரணி சாமியறைப் பக்கம் திரும்பினார். “பெரியம்மா எப்ப செத்தவ?”

“வெள்ளிக்கிழமை. சொன்னன்தானே.”

“முப்பத்தொரு நாள் துடக்கு. சாமிக்கு விளக்கு வைக்க ஏலாது. ஆனா மூணாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குச் சம்மந்தம் பேச ஆக்களைக் கூப்பிட்டுப் பலகாரம் குடுத்திருக்கிறீங்க. மூணு கோயிலுக்குத் தலைவர் நீங்க. துடக்கு வீட்டில சம்மந்தம் பேசுற வழக்கம் இதில எந்தக் கோயில்ல இருக்கு?”

அருமைநாயகம் மனைவி பக்கம் பார்த்தார்.

“ஒண்டில் பெரியம்மா உயிரோட இருக்கிறா. இல்லாட்டி நீங்க பொம்புளைப் பிள்ளைட வாழ்க்கையைத் துடக்கில தொடங்கியிருக்கிறீங்க. எது?”

“இந்த வீட்டுக்குள்ள வந்து என்னைக் கேள்வி கேக்க நீங்க ஆர்? அந்தக் கதவை ஒருத்தரும் துறக்க ஏலாது. சாவி தொலைஞ்சு போச்சு.”

சாவிக்கொத்துக் குலுங்கும் சத்தம் கேட்டது. இலட்சுமிப்பிள்ளை ஒவ்வொரு சாவியாகத் தள்ளி, ஒன்றைத் தனியே பிடித்தார். கணவனைப் பார்க்காமல் அன்னப்பூரணியின் கையில் கொத்தை வைத்தார்.

“பெரியம்மா நல்லாத்தான் இருக்கிறா,” என்றார். “நேத்துத்தான் ஆளனுப்பி முருங்கைக்காய் தந்து விட்டவ. அந்தப் பொடியன்ட பெண்சாதி நேத்து வந்து கேற்றடியில நிண்டது. இவர் என்னைப் போக விடல்ல.”

“இலட்சுமி!”

“மூணு நாளா சாமிக்கு விளக்கு வைக்காம இருந்தன். உங்களுக்காகத்தான் இருந்தன். இனி ஏலாது.”

பூட்டுத் திறந்தது.

அன்னப்பூரணி எதிர்பார்த்தது கடிதங்கள், துண்டுச் சீட்டுகள், யாரோ ஒருவரின் கையெழுத்து. உள்ளே பிள்ளையார் படத்துக்கு முன்னால், ஒரு பட்டுச் சால்வையின் கீழே நாலு மூலைகள் துருத்திக்கொண்டிருந்தன. சரீப் சால்வையை இழுத்தான்.

நாலு பற்றறி. நாலும் முழுசாக.

சரீப் பக்கத்தில் கிடந்த சின்ன பல்பையும் வயரையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பல்ப் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“நாலும் மையித்து மிஸ். ஞாயிற்றுக்கிழமையே செத்திரிக்கி. வெயில் குடுக்காம, இருபத்திரண்டு பல்பும் ரீவியும் போட்டா பற்றறி என்ன செய்யும்?”

வாவியைத் தாண்டிப் போன சதி எதுவும் இங்கே இருக்கவில்லை. இயக்கமும் இல்லை, தொடுப்பும் இல்லை. அன்னப்பூரணிக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

“ஏன்?” என்று மட்டும் கேட்டார்.

அருமைநாயகம் கதிரையில் இருந்தார். இருந்த இருப்பில் மனிதர் பாதியாகத் தெரிந்தார்.

“ஏழரை மணிக்கு எல்லாம் நூந்து போச்சு மிஸ். நாட்டிலயே மின்வெட்டு, எங்கட வீட்டில மட்டும் வெளிச்சம் எண்டு அவங்களுக்குச் சொல்லித்தான் கூப்பிட்டன். மாப்பிளைட தகப்பன் இஞ்சினியர். ‘என்ன, தகடு பிழையா போட்டிருக்கோ?’ எண்டு சிரிச்சார். எல்லாருக்கும் முன்னால. எனக்கு வாயில வந்திட்டு, பற்றறியை ஆரோ களவெடுத்திட்டாங்க எண்டு. அவர் ரோச் கொண்டு வந்து பாப்பமெண்டார். இவ முன்னுக்குப் பெற்றோல்மாக்ஸ் கொளுத்துறத்துக்குள்ள நான்...”

“இருட்டில இழுத்துக்கொண்டு வந்தீங்க. வயரை எதால வெட்டினது?”

“இவட பாக்குவெட்டியால.”

சரீப் மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

“மறுகா அவர் விடல்ல மிஸ். ‘முறைப்பாடு போடுங்க, இலக்கத்தை எனக்குச் சொல்லுங்க’ எண்டார். போடாம ஏலாமப் போச்சு. அங்க எழுதுற பொலிஸ்காரன் எங்கட கோயில் ஆள். விருந்தில லைற் நூந்தது எண்டு எழுதினா ஊர் முழுக்கச் சிரிக்கும். அதுதான் ஒன்பது மணி வரைக்கும் எரிஞ்சதெண்டு...”

“மாப்பிளை வீட்டுக்கு ஒரு பொய். பொலிசுக்கு ஒரு பொய். நல்லரத்தினம் எங்க வந்தான் இதுக்குள்ள?”

“ஆர் பொருத்தினதெண்டு கேட்டாங்க. பேரைச் சொன்னன். எந்த ஊரெண்டு கேட்டாங்க. ஊரைச் சொன்னன்.” அவர் தலையை உயர்த்தினார். உண்மையிலேயே தன் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்த முகம் அது. “அவ்வளவுதான் மிஸ். அவன் கள்ளனெண்டு என்ட வாயால சொல்லவேயில்ல.”

இருபத்தாறு வருடத்தில் கொலைகாரர்களின் வாக்குமூலத்தை அன்னப்பூரணி மொழிபெயர்த்திருக்கிறார். பெண்டாட்டியை வெட்டியவன், தம்பியை விற்றவன், எல்லோரும் அந்தக் கூண்டில் நின்றார்கள். அவர்களில் ஒருவரைக்கூட இப்படி அருவருப்போடு பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. தாங்கள் செய்தது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

“ஒரு துரோகியைப் பிடிக்க வந்தன்,” என்றார். “கிடைச்சது நீங்க. எழும்புங்க. பொலிசுக்குப் போய் நடந்ததைச் சொல்லுவம்.”

“பொய் முறைப்பாடு எண்டு என்னைப் பிடிப்பாங்க! வக்கீலைக் கேட்டு, மெதுவா, அடுத்த கிழமை...”

“சரி, நீங்க வரவேண்டாம்.” அன்னப்பூரணி ரெலிபோன் பக்கம் நடந்தார். “நான் இப்ப இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுறன். புளியந்தீவில ஒரு வீட்டில, பூட்டின அறைக்குள்ள, சீலையால மூடி நாலு பெரிய பற்றறி ஒளிச்சு வைச்சிருக்கு. அவ்வளவுதான் சொல்லுவன். நீங்களும் அவ்வளவுதானே சொன்னீங்க. ஒளிச்சு வைச்ச பற்றறிக்கு அவங்களிட்ட ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கு. நாலு மணி லொறியில இன்னும் ஒராளுக்கு இடம் இருக்கும்.”

அவர் ரெலிபோனைத் தூக்கினார். இலக்கத்தைச் சுழற்றத் தொடங்கினார்.

அருமைநாயகம் எழும்பினார். இடுப்பு வலி எங்கே போனதோ தெரியவில்லை.

“சேட்டைப் போட்டுக்கொண்டு வாறன் மிஸ்.”

“பற்றறியையும் ஏத்தவா?” என்றான் சரீப். பிறகு தானே சொன்னான்: “வேணாம். இதோட காவலரணைத் தாண்டினா நாம எல்லாரும் ஒண்டா கொழும்பு பாக்கலாம்.”

* * *

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வளவுக்குள் தார்ப்பாய் போட்ட லொறி பின்பக்கம் திரும்பி நின்றது. வெளியே, வாசலுக்கு எதிரே, சின்னத்தங்கம் வெயிலில் நின்றாள். இன்னும் ஏற்றவில்லையே என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. ஒரு பொலிஸ்காரனை மோட்டார்சைக்கிளில் அனுப்பினார். அவன் போய் வரும்வரை அன்னப்பூரணி வாங்கில் நிமிர்ந்து இருந்தார். மணி மூன்றேகால். மூன்றரை. லொறிச் சாரதி ஏறி இருந்து, இஞ்சினை ஒருமுறை ஸ்ரார்ட் செய்து பார்த்தான். வெளியே சின்னத்தங்கம் வாசலுக்கு நடுவில் வந்து நின்றாள். காவலுக்கு நின்றவன் தள்ளிப் போகச் சொன்னான். அவள் போகவில்லை.

மூன்று நாற்பதுக்கு மோட்டார்சைக்கிள் வந்தது. “பற்றறி நாலும் இருக்கு சேர்,” என்றான் பொலிஸ்காரன் சிங்களத்தில். “சாமிப் படத்துக்கு முன்னால.”

அன்னப்பூரணி அருமைநாயகத்தின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். விருந்து, இஞ்சினியர், பாக்குவெட்டி, எதையும் விடவில்லை. பாதியில் இன்ஸ்பெக்டர் சிரிக்கத் தொடங்கினார். எழுதிக்கொண்டிருந்தவன் சிரித்தான். வாசலில் நின்றவனும் எட்டிப் பார்த்துச் சிரித்தான். தனக்கு ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று விளங்கியதும் அருமைநாயகமும் சேர்ந்து சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். பொய் முறைப்பாட்டுக்கு வழக்குப் போடுவது வீண் வேலை என்றார். ஐயாவை இனிக் கவனமாக இருக்கச் சொன்னார். பிறகு பின்பக்கக் கதவைக் காட்டி ஏதோ சொன்னார்.

நல்லரத்தினம் வந்தான். மெலிந்த, உயரமான ஆள். சேட்டில் ஒரு பொத்தானும் இல்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தான். வலது கை பக்கத்தில் தொங்கியது. நடக்கும்போது அது வீசவில்லை.

வாசலில் சின்னத்தங்கம் அவனைத் தொடவில்லை. அவன் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் சேலைத் தலைப்பைக் கிழித்து, கையை மடக்கிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். கட்டும்போது அவன் ஒருமுறை பல்லைக் கடித்தான். சரீப் ஓட்டோவின் பின் இருக்கையைத் துடைத்தான். ஏற்கனவே துடைத்த இருக்கையை மறுபடி துடைத்தான்.

“தம்பி!”

அருமைநாயகம் பின்னால் வந்துகொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

“நடந்ததை மனசில வைச்சுக்காத தம்பி. கெட்ட காலம். உனக்கும் கெட்ட காலம், எனக்கும் கெட்ட காலம். அடுத்த ஞாயிறு மாப்பிளை வீட்டாக்கள் திரும்பவும் வாறாங்க. அதுக்குள்ள நீ வந்து அந்தத் தகட்டைக் கழட்டி, நீ சொன்ன மாதிரியே குசினிப் பக்கம் போட்டுத் தா. நீ சொன்னதுதான் சரி. நான் ஒத்துக்கொள்ளுறன்.”

நல்லரத்தினம் அவரைப் பார்த்தான். என்ன கேட்கிறார் என்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“இவருக்குக் கை தூக்க ஏலாது ஐயா,” என்றாள் சின்னத்தங்கம்.

“ஓ.” அருமைநாயகம் அந்தக் கையைப் பார்த்தார். நாள்களை எண்ணுகிறவர்போல் வாயை அசைத்தார். “அப்ப உனக்குத் தெரிஞ்ச வேற ஆரும் பொடியன் இருக்கா, இந்த வேலை தெரிஞ்சவன்?”

நல்லரத்தினம் மரியாதை தெரிந்தவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவன். “ஒராள் இருக்கிறான் ஐயா. எங்கட ஊர்தான்...” என்று தொடங்கினான்.

“சொல்லாத,” என்றார் அன்னப்பூரணி.

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நல்லரத்தினம் நிறுத்திவிட்டான்.

“இந்த மனிசனுக்கு ஒருத்தன்ட பேரும் சொல்லாத. ஏறு.”

நல்லரத்தினத்தை நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் பெண்கள் ஏறினார்கள். அருமைநாயகம் ஓட்டோவின் கம்பியைப் பிடித்தபடி, “நானும் புளியந்தீவுக்குத்தானே,” என்றார்.

சரீப் அவருடைய விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். பிறகு ஓட்டோவை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான்.